அழையா விருந்தாளியும் அடுப்படியும்

உயிரியல் வகுப்பில் மாணவரை முதன்முதலிற் சிரிக்கவைக்கும் சொல் 'விருந்து வழங்கி' என்பது. நோய்க் கிருமியொன்று எந்த உடலிற் குடியேறி உண்டு பெருகுகின்றதோ, அவ்வுடலுக்கு நம் பாடநூலாசிரியர்கள் இட்ட பெயர் அது. அழைப்பின்றி வந்து, இலையையும் தானே விரித்து, சோற்றையும் தானே இட்டுக்கொண்டு, போகும்போது வீட்டையும் பாழாக்கிச் செல்பவனுக்கு விருந்தாளி என்னும் பெருமை! தமிழன் விருந்தோம்பலுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை என்று நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததுண்டு.

நமுனுகுல மலைச்சாரலில் ஒரு பாடசாலையில் இன்புளுவென்சாவைப்பற்றி நான் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், வந்தவனை அடிக்கிறதுக்குத்தான் மருந்து என்கிறீங்க. அவன் நம்ம அடுப்புலதானே ஆக்கித் தின்கிறான்? அடுப்பை அணைச்சிட்டா என்ன?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, மணியடித்ததை ஒரு வரமாகக் கருதி வெளியேறினேன். உலகின் பெரிய ஆய்வுகூடங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கமுதல் கேட்டுவரும் கேள்வியைத்தான் அவள் கேட்டாள் என்பதைப் பின்னர் அறிந்தேன். அன்று சொல்லாத விடையை இன்று எழுத முற்படுகிறேன்.

இக்கேள்வி வேறெங்கு எழுந்தாலும் அறிவு விநோதமாகவே இருக்கக்கூடும். ஊவாவின் தோட்டங்களில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1918-ஆம் ஆண்டின் 'விஷக் காய்ச்சல்' இலங்கையிற் செய்த அழிவை நெடுங்காலம் எவரும் சரிவரக் கணக்கிடவில்லை. சித்தார்த் சந்திரா, தில்ஷானி சரத்சந்திரா என்னும் ஆய்வாளர் இருவர் 2014-இல் வெளியிட்ட கட்டுரை அக்குறையை நீக்கியது. மாவட்டந்தோறும் பதியப்பட்ட மரணக் கணக்குகளை ஆராய்ந்து, இத்தீவின் இழப்பு ஏறத்தாழ 3,07,000 உயிர்கள் என்று அவர்கள் கண்டனர். அன்றைய சனத்தொகையில் அது நூற்றுக்கு ஏழுக்குச் சற்றே குறைவு. அதனினும் நம்மை நிறுத்தி வைப்பது அவர்கள் கண்ட மற்றொன்று. தீவின் வடக்கிலும் தெற்கிலும் நோய் 1918 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சத்தைத் தொட்டு இறங்கிற்று. மத்திய தேயிலை நாட்டிலோ அது 1919-இன் தொடக்க மாதங்கள்வரை நீடித்தது.

ஏன் நீடித்தது? எண்களிடம் அதற்கு நேர்விடை கிடையாது. நான் எண்ணிப்பார்ப்பது இதுதான். அன்று புகைவண்டிப் பாதை பதுளையை எட்டவில்லை. அது வந்து சேர்ந்தது 1924-இல். பண்டாரவளைக்கு அப்பால் மாட்டுவண்டியும் கால்நடையுமே வழி. 2,036 மீற்றர் உயர்ந்து, ஒன்பது சிகரம் என்று பொருள்படும் சிங்களப் பெயரைத் தாங்கி நிற்கும் இம்மலையைச் சுற்றியுள்ள தோட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனித் தீவு. ஆகவே நோய் ஒரே அலையாக அடித்து ஓயாமல், தோட்டம் தோட்டமாக ஏறியிருக்க வேண்டும். ஏறியபின் லயத்தில் அதற்குத் தடையேது? ஒரு சுவருக்கு இருபுறமும் குடும்பங்கள்; பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் அடுப்பும் புகையும் குழந்தையும் கிழவியும்; விடியுமுன் பிரட்டுக்களத்திலே தோளோடு தோள் நிற்கும் கூட்டம். காற்றிற் பரவும் கிருமி இதைவிட வாய்ப்பான வீட்டைத் தானே கட்டினாலும் கட்டியிராது.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1912-இலேயே 9-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்திருந்தது. சட்டம் இருந்தது, மருந்துதான் இல்லை. அக்காலத்தில் உலகெங்கும் இந்நோய்க்குக் கொடுக்கப்பட்டவற்றுள் குவினைனும் ஒன்று. இங்கே ஒரு விநோதம். குவினைன் எடுக்கும் சிங்கோனா மரத்தை 1861-இல் ஹக்கலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தனர். கோப்பி நோயுற்று வீழ்ந்தபின் துரைமார் மலைநாடெங்கும் அதனை நட்டனர். விலை சரிந்ததும் வெட்டியெறிந்து தேயிலைக்கு மாறினர். மலேரியாவுக்கு அது அருமருந்து. இன்புளுவென்சாவுக்கு வெறுங் கசப்பு. நோயை உண்டாக்குவது வைரசு என்பதுகூட அன்று தெரியாது. மனிதரிடமிருந்து அவ்வைரசை ஸ்மித், அண்ட்றூஸ், லெயிட்லோ என்னும் மூவர் லண்டனிற் பிரித்தெடுத்தது 1933-இல்.

இனி அந்த விருந்தாளியைச் சற்று அணுகிப் பார்ப்போம். அவனுடைய மூட்டை முடிச்சு மிகச் சிறியது. எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ.; அவற்றில் எல்லாமாகச் சுமார் 13,500 எழுத்துக்கள். மனிதனின் பரம்பரைச் சுவடியோ 300 கோடி எழுத்துக்களையும் ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகளையும் உடையது. பத்துக்குச் சற்று மேற்பட்ட புரதங்களை மட்டும் கையிற்கொண்டு வந்தவன், எஞ்சிய அனைத்தையும் நம்மிடமே இரவல் வாங்குகிறான். கலத்தின் மேற்பரப்பிலுள்ள சயாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறான். அவனுடைய பற்றுப் புரதம் உரியவிடத்திற் பிளவுபட்டாலன்றி அவனால் உள்நுழைய இயலாது. பிளக்கும் கத்தியோ நம் சுவாசக் குழாயிலுள்ள நொதியம். கலத்தினுள் அவனைச் சூழும் பையை அமிலமாக்கி அவனுடைய உறையைத் திறந்துவிடுவது நம் கலத்தின் பம்பி. கருவுக்குள் நம் செய்தி ஆர்.என்.ஏ.க்களின் தலையை வெட்டித் தன் செய்திக்குச் சூட்டிக்கொள்கிறான். படியெடுக்க அவன் கொண்டுவந்த இயந்திரமும் ஏ.என்.பி.32 என்னும் நம் புரதத்தின் துணையின்றி ஓடாது. அரிசி, விறகு, பானை, அடுப்பு எல்லாம் நம்முடையவை. அவன் கொண்டுவந்தது சமையற் குறிப்பு ஒன்றே.

இதுகாறும் வைத்தியம் அந்தக் குறிப்பைக் கிழிப்பதிலேயே முனைந்துள்ளது. 1966-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அமண்டடீன், வைரசின் உறையிலுள்ள சிறு கால்வாயொன்றை அடைத்தது. ஒரேயொரு அமினோவமிலம் மாறியது, மருந்து பயனிழந்தது. 2006 சனவரியில் அமெரிக்கச் சுகாதார அதிகாரிகளே அதைக் கொடுக்க வேண்டாமென்று வைத்தியரைக் கேட்டுக்கொண்டனர். 1999-இல் ஒசெல்ற்றாமிவிர் வந்தது. 2008-இன் தொடக்கத்தில் நோர்வேயில் அதற்கு மசியாத எச்1என்1 வைரசு பெருகக் காணப்பட்டது. ஓராண்டுக்குள் பருவகால எச்1என்1 ஏறக்குறைய உலகெங்கும் அவ்வாறாயிற்று. 2009-இற் புதிய உலகக் கொள்ளைநோய் வைரசொன்று வந்து பழையதைத் தள்ளியிராவிடின் அம்மருந்தின் கதை அன்றே முடிந்திருக்கும். ஒரு கொள்ளைநோய் இன்னொரு வகையில் உபகாரியானது இப்படித்தான். 2018-இற் பலொக்சவிர் வந்தது. அதன் பரிசோதனைகளின்போதே அதற்கு இடங்கொடாத மாற்றங்கள் சில நோயாளரிடம் தோன்றிவிட்டன.

படியெடுக்கும்போது பிழைவிடுவதே இந்த வைரசின் இயல்பு. பிழைதான் அதன் செல்வம். மருந்து தாக்கும் இலக்கு வைரசுக்குச் சொந்தமாக இருக்கும்வரை, அது இலக்கை மாற்றிக்கொண்டே போகும். நம் கலத்தின் புரதமோ வாரத்துக்கு வாரம் மாறுவதில்லை. ஆகவே அடுப்பை அணைத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது.

எந்த அடுப்பு என்று தெரிந்தாலன்றோ அணைக்கலாம்? பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து, எதை அடக்கினால் வைரசு தவிக்கிறது என்று தேடும் பெருந் தேடல்கள் 2008 முதல் வெளிவந்தன. 2010-இல் ஒரே சமயத்தில் இரு குழுக்கள் தத்தம் பட்டியலை வெளியிட்டன. ஒன்றில் 295 பெயர்கள், மற்றதில் 287. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. அவ்வாண்டே ஜப்பானிய ஆய்வாளர் கவயோக்காவின் குழு ஆறு பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிட்டது. மொத்தம் 1,400-க்கு மேற்பட்ட பெயர்கள். அவற்றுள் இரண்டு பட்டியல்களிலேனும் இடம்பெற்றவை 128. ஒரே வீட்டில் ஆறு கணக்கப்பிள்ளைகள் தட்டுமுட்டு எழுதி ஆறு வேறு வீடுகளின் கணக்கைக் கொண்டுவந்ததுபோல் ஆயிற்று. இதைக்கொண்டு அத்தேடல்களே வீண் என்று எள்ளுவோருமுளர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு கலத்தை, வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு அளவுகோலால் பார்த்தது. திரும்பத் திரும்ப அகப்பட்டவை, அமிலப் பம்பி முதலியன, உறுதியான இலக்குகளாக எஞ்சின.

தேடலுக்குக் காத்திராமலே சிலர் தனிவழியில் இலக்கைக் கண்டனர். ஜெர்மனியில் பிளெஷ்கா, பிளான்ஸ், லூட்விக் ஆகியோர் 2001-இல் ஒன்றைக் காட்டினர். கலம் தன் வளர்ச்சிக்கென வைத்திருக்கும் 'மெக்' என்னும் சமிக்ஞைத் தொடரை வைரசு தூண்டிவிட்டு, அதன் உதவியாலேயே தன் புதிய ஆர்.என்.ஏ. பொதிகளைக் கருவிலிருந்து வெளியேற்றுகிறது. அச்சமிக்ஞையை அடைத்தால் பொதிகள் கருவுக்குள்ளேயே சிறைப்படுகின்றன. இதே தொடரை அடைக்கும் மருந்துகள் புற்றுநோய்க்கெனப் பின்னர் வழக்கத்துக்கு வந்தன. மற்றொன்று நான் மேலே கத்தி என்று சொன்ன நொதியம்; டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்பது அதன் கரடுமுரடான பெயர். அது இல்லாமற் பிறப்பிக்கப்பட்ட எலிகள் மற்றெல்லா வகையிலும் நலமாக வளர்ந்தன. எச்1என்1 தொற்றியும் உயிர் தப்பின என்று 2013, 2014-ஆம் ஆண்டுகளில் ஆய்வுகள் காட்டின. ஆனால் இன்புளுவென்சா 'பி' வகைக்கு அந்தக் கத்தி வேண்டியிருக்கவில்லை. அவன் வேறு கத்தி வைத்திருக்கிறான்.

இந்த இடத்தில் மாணவியின் கேள்விக்கு 'ஆம், அணைத்துவிடலாம்' என்று எழுதி முடிக்க ஆசைதான். மூன்று நிகழ்ச்சிகள் அதைத் தடுக்கின்றன.

முதலாவது, கோழிகளின் கதை. 2023-இல் ஸ்கொட்லாந்தின் ரொஸ்லின் நிலையத்தாரும் அவர்தம் கூட்டாளிகளும் கோழியின் ஏ.என்.பி.32ஏ புரதத்தில் இரண்டே அமினோவமிலங்களைத் திருத்தினர். அவ்வாறு திருத்திய பத்துக் கோழிகளுக்கு வைரசை இயல்பான அளவிற் கொடுத்தபோது ஒன்பதுக்கு நோய் தொற்றவில்லை. அளவை ஆயிரம் மடங்காக்கியபோது பத்தில் ஐந்து வீழ்ந்தன. வீழ்ந்த கோழிகளிலிருந்து எடுத்த வைரசு, அதே குடும்பத்தின் வேறிரு புரதங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தால், அவன் பின்கட்டு அடுப்பைத் தேடிப் போகிறான். 'விருந்து வழங்கியைத் தாக்கினால் வைரசு தப்ப வழியே இல்லை' என்று தொடக்க நாட்களில் எழுதப்பட்டவை மிகைக் கூற்றுகள் என்பது இதனால் தெளிவு. தப்புவது கடினம்; இயலாததன்று.

இரண்டாவது, டி.ஏ.எஸ்.181 என்னும் மருந்து. கிருமி பற்றிக்கொள்ளும் சயாலிக் அமிலத்தைச் சுவாசக் குழாயின் மேற்பரப்பிலிருந்தே வழித்தெடுத்துவிடுவது அதன் தந்திரம். வாசற்படியையே பெயர்த்தெடுப்பது போன்றது. 2012-இல் வெளியான மனிதப் பரிசோதனையில் வைரசின் அளவு உண்மையாகவே குறைந்தது. நோயாளரின் காய்ச்சலும் இருமலும் உடல்வலியுமோ மற்றவரைவிட விரைவிற் குறையவில்லை. கிருமி குறைவதும் மனிதன் எழுந்து நடப்பதும் ஒன்றல்ல என்னும் உண்மையை இதைவிடச் சுருக்கமாக எவரும் கற்பிக்க முடியாது.

மூன்றாவது, கொவிட் காலத்துப் பாடம். அதே டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 நொதியத்தை அடைக்கும் கமொஸ்டாற், கணைய அழற்சிக்கென ஜப்பானில் நெடுங்காலம் வழங்கிவந்த மருந்து. ஆய்வுகூடத்துக் கலங்களில் அது கொரோனா வைரசைத் தடுத்தது. வைத்தியசாலை நோயாளரிடம் டென்மார்க்கார் சோதித்தபோது பயன் காணவில்லை. அதே கொள்ளைநோயில், 2020 ஜூனில், பழையதும் மலிவானதுமான டெக்ஸாமெதசோன் செயற்கைச் சுவாசத்திலிருந்த நோயாளரின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகப் பிரித்தானியாவின் 'ரிக்கவரி' ஆய்வு அறிவித்தது. அம்மருந்து வைரசைத் தொடுவதேயில்லை. வீட்டார் பதறியடித்துத் தம் வீட்டையே கொளுத்துவதைத் தடுக்கிறது. 1918-இல் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரர் மிகுதியாக மாண்டதை நினைக்கும்போது இந்தச் செய்தி மனத்தை உறுத்துகிறது. அந்த வைரசை 2005-இல் மீளக் கட்டியெழுப்பி, பின்னர் குரங்குகளுக்குத் தொற்றுவித்துப் பார்த்தவர்களும், கட்டுக்கடங்கா நிர்ப்பீடனக் கொந்தளிப்பையே கண்டனர். ஆயினும் அவசரப்படலாகாது. இன்புளுவென்சா நோயாளருக்கு இத்தகைய ஸ்டெரொயிட்டு மருந்து கொடுத்த பழைய கணக்குகளில் மரணம் மிகுதியாகவே பதிவாகியுள்ளது. கடும் நோயாளருக்கே அது கொடுக்கப்பட்டதால் அப்படித் தோன்றுகிறதா, மருந்தே கெடுத்ததா என்று பிரித்தறியத் திட்டமிட்ட பரிசோதனை வேண்டும். 'ரிக்கவரி' ஆய்வு இன்புளுவென்சாவுக்கும் அதைச் சேர்த்துக்கொண்டது அதனாலேயே.

ஆக, விருந்து வழங்கியைக் கருதும் வைத்தியத்துக்கு இரு கிளைகள். தொடக்கத்திற் கிருமிக்கு நாம் தரும் உதவியை மறுப்பது ஒன்று. பிற்பகுதியில் நம் உடல் தனக்கே செய்துகொள்ளும் தீங்கை அடக்குவது மற்றொன்று. முன்னதற்கு நேரம் மிகக் குறைவு. இன்புளுவென்சா வைரசு காய்ச்சல் கண்ட முதலிரு நாட்களிலேயே உச்சத்தை எட்டிவிடும். ஒசெல்ற்றாமிவிரையும் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதே வைத்தியர் வாக்கு.

தோட்டத்தின் மணிக்கூடு வேறு. தடிமனும் காய்ச்சலும் வந்தது என்று முதல்நாளே டிஸ்பென்சரிக்குப் போனால் அன்று பேர் விழாது. மலையிற் பாதியில் இறங்கினால் அரைப்பேர். ஆகவே முதல்நாள் கொத்தமல்லித் தண்ணீரோடு கொழுந்துக்கூடையைச் சுமந்து மலையேறுகிறாள் ஒரு பெண். இரண்டாம் நாள் லயத்திற் படுக்கிறாள். மூன்றாம் நாள்தான் மருந்து தேடி இறங்குகிறாள். நிலை மோசமாயின் பதுளை வைத்தியசாலைக்கு வண்டி தேடுவது அதற்கும் பின். 48 மணித்தியாலக் கணக்கு அவளுக்கு எழுதப்பட்டதன்று. விருந்து வழங்கி என்று கலத்தை மட்டும் சொல்வது எனக்குப் போதாமற் படுவது இங்கேதான். அடுப்புப் புகையில் ஊறிய நுரையீரல், சோகை பிடித்த குருதி, ஒரு நாட்கூலிக்காக ஒத்திப்போடப்பட்ட ஓய்வு, இவையெல்லாம் சேர்ந்தே கிருமிக்கு விருந்து படைக்கின்றன. எந்தப் பரம்பரையலகுப் பட்டியலிலும் இவை இல்லை.

எனினும் இந்த ஆராய்ச்சி மலையகத்துக்கு வேண்டாதது என்று நான் சொல்லவரவில்லை. மாறாக, ஒரு காரணத்தால் அது நமக்கே அதிகம் வேண்டியது. கிருமியைத் தாக்கும் புதிய மருந்து புதிய விலையோடு வருகிறது. விருந்து வழங்கியின் பக்கத்தில் தேடுவோரோ, ஏற்கெனவே வேறு நோய்க்கு வழங்கிவரும் பழைய மருந்துகளை மறுபடி எடுத்துப் பார்க்கின்றனர். பிரான்ஸின் லியோன் நகரக் குழு, இன்புளுவென்சா நோயாளரின் கலங்களில் எந்தப் பரம்பரையலகுகள் விழித்தன, எவை உறங்கின என்று பதிந்து, அந்த மாற்றத்தைத் தலைகீழாக்கும் மருந்து எது என்று தேடிற்று. அகப்பட்டது டில்ற்றியசம். நெஞ்சுவலிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உலகெங்கும் வழங்கும் மலிவான மாத்திரை அது. 2019-இல் வெளியான அவர்கள் ஆய்வில் அது ஆய்வுகூடக் கலங்களிலும் எலிகளிலும் வைரசை அடக்கியது. வயிற்றுப் பூச்சிக்கு வழங்கும் நிற்றசொக்சனைட், வைரசின் பற்றுப் புரதம் கலத்துக்குள் முதிர்வதைக் குழப்புகிறது. 2014-இல் வெளியான பரிசோதனையில் நோயின் காலத்தை ஏறத்தாழ 117 மணித்தியாலத்திலிருந்து 96-ஆகக் குறைத்தது. ஒருநாள் அளவுக்கே குறைவு. ஒருநாள் என்பது தோட்டத்தில் ஒரு பேர். அதன்பின்னும் அது இன்புளுவென்சாவுக்குரிய மருந்தாக நிலைபெறவில்லை. டில்ற்றியசமும் கலத்திலும் எலியிலும் வென்றதைக்கொண்டு மாத்திரையைத் தேடி ஓடுவது பேதைமை. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் மருந்தைக் காய்ச்சலில் நீர்வற்றிக் கிடக்கும் ஒருவர் தாமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நம்மவர் மாத்திரைகளை அயலாரோடு பகிரும் பழக்கமுடையவராதலால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

யாருடைய உடலை வைத்து இப்பரிசோதனைகள் நடக்கின்றன என்பதும் கேட்கத்தக்கது. ஐ.எப்.ஐ.ரி.எம்.3 என்னும் நம் காவற் புரதம் 2009-இன் தேடலில் அகப்பட்டது. அதன் பரம்பரையலகிலுள்ள ஒரு சிறு வேறுபாடு, வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட நோயாளரிடம் கூடுதலாக உண்டு என்று 2012-இல் பிரித்தானியாவிலிருந்து செய்தி வந்தது. ஐரோப்பியரிடம் அரிதான அவ்வேறுபாடு கிழக்காசியரிடம் மிகச் சாதாரணம். பின்னர் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஐரோப்பியக் குருதியை வைத்து எழுதிய விதியைப் பசறையிலும் கனவரல்லையிலும் கண்மூடி ஓதலாகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இன்புளுவென்சா மருந்துகளின் பரிசோதனைகள் பெரும்பாலும் காய்ச்சல் கண்ட 48 மணித்தியாலத்துக்குள் வருவோரையே சேர்த்துக்கொள்கின்றன. பிந்தி வருவோர் கணக்கில் இல்லை. விஞ்ஞான முறைக்கு அது வசதி. ஆனால் பிற்பகுதிக் கிளையின் மருந்துகளுக்கு, அதாவது உடலின் கொந்தளிப்பை அடக்குவனவற்றுக்கு, மூன்றாம் நாள் வருகிறவரே உரிய நோயாளர். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இந்நாட்டின் இன்புளுவென்சா நிலையமாக மாதிரிகளைச் சோதித்து வருகிறது. பதுளையில் வைத்தியசாலை இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸைப் பல்கலைக்கழகமும் அதே நகரில் இருக்கிறது. இவை கைகோத்து ஒரு பரிசோதனையைத் தொடங்குமாயின், சேர்க்கை விதியின் முதல் வரியில் '48 மணித்தியாலம்' என்று எழுதாமல் 'மூன்றாம் நாள்' என்று எழுதட்டும்; அந்த மூன்று நாளுக்கும் அவள் பேரையும் போட்டுக் கொடுக்கட்டும்.